புத்த பகோடாக்களின் ஊரில் பிள்ளை வளர்ப்பு

1964-ல் பர்மாவிலிருந்து கப்பலேறிப் போன எங்கள் சொந்தங்கள் மதுரைப் பக்கமும் சென்னையிலும் இருக்கிறார்கள். அந்த வருடம் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. தலைமுறையாகச் சேர்த்ததைப் போட்டுவிட்டுத் தமிழர்கள் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டார்கள். என் தாத்தாவும் பாட்டியும் போகவில்லை. அதனால் நான் யாங்கோனில், அந்தக் காலத்து ரங்கூனில், பிறந்தேன். என் பிள்ளைகளும் இங்கேயே பிறந்தார்கள். போனில் பேசும்போதெல்லாம் அங்கே இருக்கிற சித்தியும் பெரியம்மாவும் கடைசியில் ஒரே கேள்விக்கு வந்துவிடுவார்கள். "சுத்தி எங்க பாத்தாலும் புத்தர் கோயிலு. பிள்ளைகள எப்படிம்மா விசுவாசத்துல வளக்குற?"

அக்கறையோடு கேட்கிற கேள்வி அது. போனில் சொல்ல ஆரம்பித்தால் சிக்னல் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருக்கிற வேறு அம்மாக்களும் படிக்கட்டும்.

முதலில் நாங்கள் எத்தனை பேர் என்று சொல்லிவிடுகிறேன். 2014-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்குப்படி இந்த நாட்டில் நூற்றுக்கு 88 பேர் பௌத்தர்கள். கிறிஸ்தவர்கள் சுமார் 6 பேர். அதிலும் பெரும்பாலோர் கரேன், கச்சின், சின் இன மக்கள். இந்துக்கள் அரை சதவீதம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் என்று தனியாக எண்ணினால் ஒரு கைப்பிடிதான். என் வீட்டுக்காரர் இந்துக் குடும்பத்தில் பிறந்து, வாலிபத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர். அவருடைய அம்மா, என் அத்தை, இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவர். அவர் எங்களோடுதான் இருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் அப்பத்தா. ஆக, தெருவில் பௌத்தம், வீட்டுக்குள் ஒரு மூலையில் விளக்கு, இன்னொரு மூலையில் எங்கள் வேதாகமம். இந்தச் சூழலில் என் மகள் முதல் வகுப்புப் படிக்கிறாள். அவள் தம்பிக்கு இன்னும் பள்ளிக்கூட வயது வரவில்லை.

என் பிள்ளைகள் இயேசுவை உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் அந்த உறுதி பக்கத்து வீட்டாரை மட்டமாகப் பார்ப்பதால் வரக்கூடாது. அப்படி வருகிற உறுதி வளர்ந்த பிறகு இரண்டில் ஒன்றாக முடிவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, எல்லோரோடும் சண்டை. இல்லையென்றால், ஒரு நல்ல பௌத்த நண்பர் கிடைத்த உடனே, இதுவரை வீட்டில் சொன்னதெல்லாம் பொய் என்ற எண்ணம். இரண்டும் வேண்டாம். வீட்டுக்குள் ஆழமாக நட வேண்டும். வெளியே பயப்படாமல் விட வேண்டும். நடுவதைப் பற்றி முதலில்.

எங்கள் குடும்ப ஜெபம் கரண்ட் இல்லாத நேரத்தில் நடக்கிறது. யாங்கோனில் இருக்கிறவர்களுக்கு இது புரியும். கரண்ட் வந்துவிட்டால் வீடே ஓடும். மோட்டார் போட்டு மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும், குக்கரில் சோறு வைக்க வேண்டும், போன்களையும் சார்ஜ் விளக்கையும் மாட்ட வேண்டும், துணி துவைக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரையும் உட்கார வைக்க முடியாது. கரண்ட் போனதும் பிள்ளைகள் தாங்களாகவே கூடத்துக்கு வந்துவிடுவார்கள், ஏனென்றால் வெளிச்சம் அங்கேதான் இருக்கிறது. அப்போது பாய் விரிக்கிறோம். ஒரு பாட்டு, ஒரு சின்ன வேத பகுதி, அதைப் பற்றி இரண்டு பேச்சு, ஆளுக்கு ஒரு ஜெபம். அவ்வளவுதான். சின்னவன் பாட்டோடு சரி. வேத பகுதிக்கு வரும்போது அப்பத்தா மடியில் கால் நீட்டிவிடுவான்.

நீளமாக நடத்த வேண்டும் என்று சொல்கிற பெரியவர்கள் எங்கள் சபையில் உண்டு. அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த விஷயத்தில் ஒத்துப்போக மாட்டேன். சின்னப் பிள்ளைக்கு ஜெபம் ஒரு தண்டனையாகிவிடக்கூடாது. தூங்கி வழிகிற பிள்ளையை உலுக்கி மனப்பாட வசனம் சொல்ல வைத்தால் அது வசனத்தைக் கற்றுக்கொள்ளாது. வசனம் வருகிற நேரத்தில் அம்மா முகம் எப்படி மாறும் என்பதைத்தான் கற்றுக்கொள்ளும். உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் படுத்துக்கொள்ளுகிறபோதும் எழுந்திருக்கிறபோதும் பிள்ளைகளிடம் பேசு என்றுதான் இருக்கிறது. அதில் வகுப்பு இல்லை, கூட்டம் இல்லை. நடக்கிறபோது பேசச் சொல்கிறது. எங்களுக்கு அது பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி. மழைக்காலத்தில் சேறு தாண்டித் தாண்டி நடக்கும்போது மகள் நோவாவைப் பற்றிக் கேட்பாள். நோவா பேழையில் கொசு இருந்ததா என்று கேட்டாள் ஒரு நாள். இருந்திருக்கும் என்றேன். "அப்ப கொசுவையும் இயேசப்பா காப்பாத்துனாரா?" அன்றைக்கு முழுக்க எனக்கு அந்தக் கேள்விதான்.

இந்தச் சின்ன வீட்டு ஜெபத்தை நான் இவ்வளவு பெரிதாக எண்ணுவதற்கு ஒரு காரணம் இந்த நாட்டின் வரலாற்றில் இருக்கிறது. 1965-ல் மிஷன் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1966-ல் வெளிநாட்டு மிஷனரிகள் நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அதுவரை பள்ளியில் வேத வகுப்பு, விடுதியில் ஜெபம் என்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. ஒரே இரண்டு வருடத்தில் அதெல்லாம் போயிற்று. எங்கள் தமிழ்ச் சபைகளிலிருந்து பாதிப் பேர் அதற்கு முன்பே கப்பலேறிவிட்டார்கள். பாடகர் குழுவில் ஆள் இல்லை, ஓய்வுநாள் பள்ளிக்கு வாத்தியார் இல்லை. என் அம்மா அப்போது சின்னப் பிள்ளை. அவளுக்கு விசுவாசம் எங்கிருந்து வந்தது என்றால், பாட்டியின் அடுப்படியிலிருந்து. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. கேட்டு மனதில் வைத்திருந்த சங்கீதங்களை இட்லி ஊற்றும்போது சொல்லிக்கொண்டே இருப்பாளாம். "இதோ, இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை" என்ற வரியை என் அம்மா இன்றைக்கும் ஆவி பறக்கிற இட்லிப் பானைக்கு முன்னால் நின்றுதான் சொல்வாள். கட்டடமும் பள்ளியும் சம்பளம் வாங்குகிற ஆசிரியரும் இல்லாமல் ஒரு தலைமுறைக்கு விசுவாசம் கைமாறியிருக்கிறது. அதைச் செய்தது வீடு.

இனி அத்தையைப் பற்றி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் தலைக்குக் குளித்து, தன் அறையில் இருக்கிற அம்மன் படத்துக்குப் பூ வைத்து விளக்கேற்றுவார். மாதத்தில் ஒரு தடவையாவது அனோரதா சாலைக் காளி கோவிலுக்குப் போவார். 1871-ல் நம் ஆட்கள் கட்டிய கோவில் அது. அவருடைய தாத்தாவின் தாத்தா காலத்துக் கதைகளெல்லாம் அதோடு சேர்ந்து வரும். சபையில் சிலர் என்னிடம் நேராகவே கேட்டார்கள், ஒரே வீட்டில் இரண்டு எப்படி இருக்க முடியும் என்று. பிள்ளைகள் குழம்பிப் போகாதா?

குழப்பம் வந்தது, ஆனால் அவர்கள் நினைத்த இடத்தில் இல்லை. மகள் கேட்டது இதுதான்: "அப்பத்தா நம்ம கூட ஜெபத்துல உக்காருறாங்க, நாம ஏன் அவங்க கூட உக்காரல?" நியாயமான கேள்வி. நான் உண்மையைச் சொன்னேன். அப்பாவும் அம்மாவும் இயேசுவை மட்டும் கும்பிடுவோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். அப்பத்தா அந்த வாக்குக் கொடுக்கவில்லை. அதனால் அவர் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். நாம் கொடுத்த வாக்கை நாம் காப்போம். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பத்தா நம்மள விட ஃப்ரீ" என்றாள். அதை நான் திருத்தவில்லை. வாக்குக் கொடுப்பது ஏன் சந்தோஷமானது என்று அவளுக்கு விளங்குகிற வயது வரும். அதற்கு ஒரே வழி, எங்கள் கல்யாணத்தைப் பார்த்தும் எங்கள் ஜெபத்தைப் பார்த்தும் அவள் வளர்வதுதான்.

சாப்பாட்டு விஷயத்தில் அத்தை செய்கிற ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். பொங்கல், ஆடி, அமாவாசை என்று அவர் படையல் போடுகிற நாட்களில் சர்க்கரைப் பொங்கலும் வடையும் வீடு முழுக்க மணக்கும். படைத்த உணவைப் பற்றிப் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய பகுதியெல்லாம் எனக்குத் தெரியும். எப்படிச் சொல்வது என்று கல்யாணமான புதிதில் நானும் கலங்கிக்கொண்டு இருந்தேன். சொல்லவே வேண்டியிருக்கவில்லை. படையலுக்கு எடுத்து வைப்பதற்கு முன்னாலேயே எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனிச் சட்டியில் எடுத்து மூடி வைத்துவிடுவார். "இது சாமிக்கு வைக்காதது தாயி, பிள்ளைகளுக்குக் குடு" என்பார். யாரும் கேட்டு அவர் அதைச் செய்யவில்லை. என் மனச்சாட்சியை அவர் மதிக்கிறார். அப்படிப்பட்டவரைப் பற்றி, "அப்பத்தா இருட்டில் இருக்கிறாங்க" என்று என் பிள்ளைக்கு நான் எந்த வாயால் சொல்லிக்கொடுப்பேன்? அவர் ஆண்டவரை அறிய வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன், அவருக்கும் அது தெரியும். மறைத்து ஜெபிக்கவில்லை. பிள்ளைகளும் கேட்கத்தான் ஜெபிக்கிறேன். அதே ஜெபத்தில் அவருடைய மூட்டுவலிக்கும், ஊரில் இருக்கிற அவருடைய தங்கைக்கும் சேர்த்துத்தான் ஜெபிக்கிறோம்.

பள்ளிக்கூடம் இதைவிடக் கடினம். மகள் சேர்ந்த புதிதில் ஒரு சாயங்காலம் வந்து, காலையில் எல்லாரும் கை கூப்பிச் சொல்கிற பாலி வார்த்தைகளைக் கணீரென்று சொல்லிக்காட்டினாள். பஞ்சசீலம். கொல்லாமை, திருடாமை, தகாத உறவு கொள்ளாமை, பொய் சொல்லாமை, போதை கொள்ளாமை. தினமும் வகுப்பில் கேட்டால் பிள்ளைக்கு நாக்கில் வரத்தானே செய்யும். அதற்காக அவளைக் கடிந்துகொள்ள எனக்கு ஒன்றும் இல்லை. அந்த ஐந்தில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை. பத்துக் கட்டளையில் நான்கு அதற்குள் இருக்கிறது. ஆனால் புத்தர் படத்துக்கு முன்னால் கும்பிட்டுச் சொல்வது வழிபாடு. அவள் சயாமாவை, அதாவது டீச்சரை, நேரில் போய்ப் பார்த்துப் பேசினேன். நாங்கள் கிறிஸ்தவர்கள், அந்த நேரத்தில் அவள் மரியாதையாக நின்றுகொண்டிருக்கட்டும், மனதுக்குள் தன் ஜெபத்தைச் சொல்லிக்கொள்ளட்டும் என்று கேட்டேன். "நின்றால் போதும். மற்றப் பிள்ளைகளோடு பேசாமல் இருந்தால் சரி" என்றார். நான் பயந்த அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை. இப்போது எல்லாரும் பஞ்சசீலம் சொல்கிற நேரத்தில் அவள் உள்ளுக்குள் பரமண்டல ஜெபம் சொல்கிறாள். "அவங்க முடிக்கறதுக்குள்ள நான் ஆமென் வரைக்கும் வந்துடுறேன்" என்று சொல்கிறாள்.

ஆசிரியர்களுக்குச் செய்கிற கடோ வேறு விஷயம். பௌத்தர்களின் நோன்புக்காலம் முடிந்து வருகிற தடிஞ்ஜுட் பண்டிகையை ஒட்டி, அக்டோபர் வாக்கில், பிள்ளைகள் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் முன்னால் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்து வணங்குவார்கள். துண்டு, சோப்பு, பழம் என்று ஏதாவது கையில் கொடுப்பார்கள். பெரியவர்கள் வாழ்த்துச் சொல்வார்கள். கிறிஸ்தவப் பிள்ளை மனிதருக்கு முன்னால் குனியலாமா? சில வீடுகளில் அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. விசுவாசத்தைக் காப்பாற்றப் பிள்ளைக்குப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தால் எதைக் காப்பாற்றுகிறோம்? வேதத்தைப் புரட்டிப் பார்த்தேன். யாக்கோபு ஏசாவுக்கு முன்னால் ஏழு தரம் தரைமட்டும் குனிகிறான். ரூத் போவாசுக்கு முன்னால் முகங்குப்புற விழுகிறாள். சாலொமோன் ராஜா தன் சிங்காசனத்திலிருந்து எழுந்து வந்து தன் தாயை வணங்குகிறான். வழிபாடு வேறு, மரியாதை வேறு என்பதில் வேதத்தின் மனிதர்களுக்குக் குழப்பமே இல்லை. என் மகள் போனாள், மற்றப் பிள்ளைகளோடு குனிந்தாள், சயாமாவுக்குக் கைத்துண்டு கொடுத்தாள். வீட்டுக்கு வந்து எங்களுக்கும் அப்பத்தாவுக்கும் அதே மாதிரிச் செய்தாள். அத்தை அழுதுவிட்டார்.

நாகமானின் கதை எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் காரணத்துக்காகத்தான். குஷ்டம் நீங்கின பிறகு அவன் எலிசாவிடம் ஒரு சங்கடத்தைச் சொல்கிறான்: என் ராஜா ரிம்மோன் கோவிலில் பணியும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாரே, நானும் குனிய வேண்டியிருக்குமே, அதைக் கர்த்தர் மன்னிப்பாரா? எலிசா விதிப் பட்டியல் எதுவும் கொடுக்கவில்லை. "சமாதானத்தோடே போ" என்று அனுப்பினார். மற்ற மார்க்கத்தார் நடுவில் வாழ்கிறவர்களுக்கு நாளும் நூறு சின்னத் தீர்மானங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டால் பிள்ளைக்குச் சட்டம்தான் தெரியும், ஆண்டவரைத் தெரியாது.

பக்கத்து வீட்டு பர்மிய அக்காவின் மகனுக்குப் போன ஏப்ரல் விடுமுறையில் ஷின்பியூ நடந்தது. பையனை ராஜகுமாரன் மாதிரி உடுத்தி ஊர்வலமாகக் கூட்டிப்போய், தலையை மழித்து, காவி கொடுத்துக் கொஞ்ச நாள் மடத்தில் இருக்க வைக்கிற சடங்கு. அதே நாளில் அவன் தங்கைக்குக் காது குத்தினார்கள். நம்மூர்க் காதுகுத்து மாதிரியேதான், அதே அழுகை. நாங்கள் எல்லாரும் போனோம். மொகிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டோம். மடத்துக்குள் நடந்த சடங்கின்போது வெளியே பந்தலில் இருந்தோம். அந்த அக்காவே நாற்காலி போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலை பிச்சைக்கு வரிசையாக வந்த துறவிகளில் அந்தப் பையனும் கடைசியில் வெறுங்காலோடு வந்தான். என் மகன் வாசலில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்தினான். அவன் சிரிக்காமல் நடக்கப் பெரும்பாடு பட்டான்.

இங்கே வளர்கிற கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளியில் கட்டாயம் சொல்கிற கதை அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனுடையது. 1813 ஜூலை 13 அன்று ரங்கூனில் வந்திறங்கினார். சென்னையிலிருந்துதான் கப்பலேறினார் என்பதை நான் என் பிள்ளைகளுக்கு மறக்காமல் சொல்வேன். முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுக்க 1819 வரை காத்திருந்தார். 1824-ல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் வந்ததும், ஆவா நகரத்தில் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவர் பர்மிய மொழியில் எழுதிவைத்த புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதியை மனைவி ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். யாரும் ஆசைப்படாத முரட்டுத் தலையணை. அது எப்படியோ தப்பிப் பிழைத்தது. பிள்ளைகளுக்கு இந்தத் தலையணைக் கதை உயிர். எங்கள் வீட்டுத் தலையணை ஒன்றுக்குள் என் மகள் ஞாயிறு பள்ளி அட்டையைச் சொருகி வைத்திருக்கிறாள்.

தலையணையைச் சொல்கிறவர்கள் பாலைச் சொல்வதில்லை. அந்தப் பகுதியை என் பிள்ளைகளுக்கு நானே சொல்கிறேன். ஜட்சன் சிறையில் இருக்கும்போது, 1825 ஜனவரியில், மரியா என்ற பெண் குழந்தை பிறந்தது. ஆன் அதற்கு முன்பே இரண்டு பிள்ளைகளை இழந்தவர். ரங்கூனுக்கு வந்த கப்பலிலேயே முதல் குழந்தை இறந்து பிறந்தது. ரோஜர் என்ற மகன் எட்டு மாதத்தில் போய்விட்டான். கைதிகளை ஆவாவிலிருந்து அவுங்பின்லே என்ற கிராமத்துக்கு மாற்றியபோது, ஆன் மூன்றாவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். அங்கே அவருக்குக் கடும் நோய் வந்தது, பால் வற்றிப்போனது. விலைக்கு வாங்கவும் பால் இல்லை. காவலாளிகளுக்கு அன்பளிப்புக் கொடுத்து அனுமதி வாங்கினார்கள். ஜட்சன் சிறையிலிருந்து வெளியே வந்து, எலும்பும் தோலுமான அந்தக் குழந்தையை ஏந்திக்கொண்டு கிராமத்தில் வீடு வீடாகப் போனார். கைக்குழந்தை வைத்திருந்த பர்மியத் தாய்மார்களிடம் என் பிள்ளைக்குக் கொஞ்சம் பால் கொடுங்கள் என்று கெஞ்சினார். அவர்கள் கொடுத்தார்கள்.

அந்தப் பெண்கள் பௌத்தர்கள். அவர்கள் நாடு அப்போது வெள்ளைக்காரனோடு போரில் இருந்தது. கைதி வெள்ளைக்காரன், அவன் மார்க்கம் வேறு. அவர்கள் ஒருவர் பெயரும் எந்தப் பதிவிலும் இல்லை. மரியா அந்தப் பாலில் பிழைத்தாள். 1826 அக்டோபரில் ஆன் இறந்தார், அடுத்த ஏப்ரலில் குழந்தையும் போய்விட்டது. ஆனால் சிறைக்காலத்தைத் தாண்ட வைத்தது அந்தத் தாய்மார்கள்தான். ஜட்சன் 1834-ல் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தார். திருத்திய பதிப்பு 1840-ல் வந்தது. என் மகள் ஞாயிறு பள்ளியில் வாசிப்பது இன்றைக்கும் அதைத்தான். அந்தப் புத்தகத்தின் கதையில் தலையணைக்கு எவ்வளவு இடமோ, அந்தப் பெயர் தெரியாத அம்மாக்களுக்கும் அவ்வளவு இடம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். சின்னவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் இந்தப் பகுதியை முதல் தடவை முழுசாக வாசித்தேன். அதற்குப் பிறகு காலையில் பிச்சைப் பாத்திரத்தில் சோறு போட வாசலில் நிற்கிற பக்கத்து வீட்டுப் பெண்களை நான் வேறு மாதிரிப் பார்க்க முடியாது.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, மதியம் 12:50-க்கு வந்த நிலநடுக்கத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். அளவு 7.7. யாங்கோனில் விளக்குகள் ஆடின, தொட்டித் தண்ணீர் தளும்பியது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினோம். அதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் இல்லை. மாண்டலேயும் சகாயிங்கும் சிதைந்தன. பகோடாக்கள், மடங்கள், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஆட்கள் வந்திருந்த பள்ளிவாசல்கள், தேவாலயங்கள் எல்லாம் விழுந்தன. 3,000-க்கும் அதிகமானோர் செத்துப்போனார்கள். அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் மகள் கேட்டாள்: "இயேசப்பா ஏன் ஆட்டுனாரு?"

எலியாவின் கதையைச் சொன்னேன். ஓரேபில் பெருங்காற்று அடித்தது, பூமி அதிர்ந்தது, அக்கினி வந்தது. அந்தப் பூமி அதிர்ச்சியில் கர்த்தர் இருக்கவில்லை என்று வேதமே சொல்கிறது. உடனே அடுத்த கேள்வி வந்தது. "அப்ப எங்க இருந்தாரு?" என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த மிகச் சின்ன வசனத்தைச் சொல்லச் சொன்னார். "இயேசு கண்ணீர் விட்டார்" என்றாள். லாசருவின் கல்லறைக்குப் பக்கத்தில், அழுகிறவர்களோடு. அங்கேதான் இருந்திருப்பார் என்று அவர் சொன்னார். அவளுக்கு அது போதுமாக இருந்ததா என்று தெரியாது. எனக்கு இன்னும் முழுக்கப் போதவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்தவளைப் போல இருக்க நான் விரும்பவும் இல்லை. கேட்கலாம், கேட்டுக்கொண்டே ஜெபிக்கவும் செய்யலாம் என்று அவர்கள் பார்த்தால் நல்லது. சங்கீதங்களில் பாதி அப்படித்தானே இருக்கிறது.

அடுத்த சில நாட்களில் தெரு முழுக்கச் சாமான் சேர்த்தார்கள். எங்கள் தெருவில் லாரி நின்றது புத்த மடத்து வாசலில். சபையில் சேர்ந்த அரிசி, தார்ப்பாய், மருந்து எல்லாவற்றையும் நாங்களும் அங்கேயே கொண்டுபோய் இறக்கினோம். மகள் தனக்குச் சிறிதாகிப்போன கவுன்களை மடித்து ஒரு பையில் போட்டு, ஷின்பியூ செய்த அந்தப் பையனோடு சேர்ந்து லாரி வரைக்கும் இழுத்துப் போனாள். அத்தை தன் காளி கோவில் சிநேகிதிகளிடம் பணம் திரட்டிக் கொண்டுவந்தார். சின்னவன் தன் பந்தைக் கொடுப்பதாகச் சொல்லி, லாரி கிளம்பும் நேரத்தில் அழுது திரும்ப வாங்கிக்கொண்டான். பரவாயில்லை, வயது அப்படி.

சபையைப் பற்றி ஒன்று. சின்னப் பிள்ளைகளைத் தமிழ் ஆராதனைக்குள்ளேயே வைத்திருங்கள். சத்தம் போடுவார்கள், முன்வரிசைப் பெரியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். எங்கள் பிள்ளைகளுக்குப் பர்மிய மொழியில் ஞாயிறு பள்ளி நன்றாக நடக்கிறது, ஆராதனை முடிந்ததும் மதியம் தமிழ் எழுத்து வகுப்பும் இருக்கிறது. ஆனால் பாட்டன் பூட்டன் பாடின பாட்டைப் பெரியவர்கள் கண்ணை மூடிப் பாடுவதைப் பிள்ளை பக்கத்தில் இருந்து பார்ப்பதற்கு ஈடாக எந்த வகுப்பும் இல்லை. ஆராதனை முடிந்து சில ஞாயிறுகளில் மகாபந்தூலா பூங்காவுக்குப் போவோம். அங்கே புல்லில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் சூலே பகோடா, இந்தப் பக்கம் இம்மானுவேல் பாப்திஸ்து ஆலயம், அந்தப் பக்கம் பள்ளிவாசல், எல்லாம் ஒரே பார்வையில் வரும். என் பிள்ளைகளுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பட்டத்துக்கு நூல் வாங்கித் தருவதைப் பற்றித்தான் அவர்களுக்குக் கவலை.

இப்போது டிசம்பர் வரப்போகிறது. நவம்பர் 30 ராத்திரி பன்னிரண்டு மணிக்கு விழித்திருந்து டிசம்பரை ஜெபத்தோடு வரவேற்பது இங்கே வழக்கம். கரேன், சின் நண்பர்கள் அதை ஸ்வீட் டிசம்பர் என்பார்கள். எங்கள் பிள்ளைகள் அதற்கு முன்பே தூங்கிவிடுவார்கள். அவர்கள் காத்திருப்பது கேரல் பாட்டுக்கு. 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ராத்திரி நேரத்தில் கூட்டமாகப் போக முடியாமல், சாயங்காலமே கிளம்பிப் பொழுது சாய்வதற்குள் முடித்துக்கொள்கிறோம். இந்த வருடம் பக்கத்து வீட்டு அக்கா வந்து, தன் பிள்ளைகளும் கூட வரலாமா, அந்தப் பாட்டு அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்டார். நான் போதகரிடம் கேட்டேன். வரட்டும், தாராளமாக வரட்டும் என்றார். மேய்ப்பர் வேஷத்துக்கு ஆள் குறைவாகத்தான் இருக்கிறது. பர்மியப் பாட்டு இரண்டு, தமிழ்ப் பாட்டு ஒன்று என்று முடிவு செய்திருக்கிறோம். தமிழ்ப் பாட்டை அந்தப் பிள்ளைகளுக்கு என் மகள் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பயிற்சி வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில். அத்தை தன் விளக்கைச் சீக்கிரமே ஏற்றி முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார், வருகிற பிள்ளைகளுக்கு வடை சுட வேண்டுமாம்.